அம்புக்குறி போட்ட நாடகம்

என்னை ஒரே மாலையில் மூன்று முறை கொன்றார்கள். முதல் அங்கத்தில் விஷம், இரண்டாவதில் துப்பாக்கி, மூன்றாவதில் மீன் நறுக்கும் அரிவாள்மணை. நடுவில் ஒரு வாய் தேநீர் குடிக்கக்கூட விடவில்லை. இதை இன்று சொன்னால் எங்கள் பேட்டையில் யாரும் நம்புவதில்லை, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் உட்பட. காரணம் வேறொன்று. பல வருஷங்களுக்கு முன் ஓர் இலீஷ் மீன் சந்தையிலிருந்து என் பின்னாலேயே நடந்து வீடுவரை வந்தது. மாடிப்படியில் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அன்றிலிருந்து இந்தப் பெனுதா வாயைத் திறந்தால் பொய் என்று வடக்குக் கல்கத்தாவில் ஒரு கருத்து நிலவுகிறது. அந்தக் கருத்தால் எனக்கு நஷ்டமில்லை. நஷ்டப்பட்டவர் நிகுஞ்ச சமாத்தார்.

எங்கள் ஊரில் மூத்தவர்களை, அண்ணன் என்கிற மாதிரி, பெயரோடு ‘தா’ சேர்த்துக் கூப்பிடுவோம். நிகுஞ்சதா மாநகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் கடிதம் எழுதி ஓய்வுபெற்றவர். அவர் எழுதுவார், மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். வேலைக்காலம் முழுக்க அவர் எழுதிய ஒரு வரியின் கீழும் அவர் பெயர் வந்ததில்லை. அதனால் ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு நாடகம் எழுத ஆரம்பித்தார். கங்கைக் கரையில் பாழடைந்த ஒரு ஜமீன் மாளிகை, அதில் ஒரு கொலை. துர்கா பூஜை முடிந்து எங்கள் சங்கத்தில் எல்லோரும் கூடி இனிப்புத் தின்கிற விஜயா விழாவில் அது அரங்கேற வேண்டும். சுவரொட்டியில் ‘எழுதியவர்: நிகுஞ்ச சமாத்தார்’ என்று வரவேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது. அந்த வருஷம் பார்த்து, பெரிய நாடகக் குழு நடத்தும் பரிமல் தர் விழாவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பிடித்தால் தன் குழுவில் போடுவார். சுவரொட்டி எங்கள் சந்தில் மட்டுமில்லாமல் ஊர் முழுக்க ஒட்டப்படும்.

சங்கத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கு முன்பு கொடுத்தது. கேரம் பலகைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தோம். அதை முடுக்கினால் வெளியே டிராம் வண்டி மெதுவாகும். பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது என்பதால் பாஸ்வேர்டைக் கரும்பலகையில், கேரம் கணக்குக்கு மேலே, சாக்பீஸால் எழுதிவைத்திருந்தோம். யாரும் வரலாம், யாரும் உட்காரலாம். ஒருமுறை நண்டு விற்கிறவன்கூட உட்கார்ந்து ஜாதகம் பார்த்துவிட்டுப் போனான். நண்டுகளுக்கும் சேர்த்து.

நிகுஞ்சதா இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதி, நாடகத்தைத் திரையின் நட்டநடுவில் ‘நாடகம்’ என்ற பெயரில் வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அவர் பருப்பில் கைவைக்கும் நேரத்தில் இங்கே அவர் நாடகத்தில் கைவைப்பார்கள்.

முதலில் வருபவர் சங்கச் செயலாளர் சசதர். இனிப்புக் கடைக்காரர். நாடகத்தில் ஜமீன்தார் வேஷம். முதல் அங்கத்தின் முடிவில் ஜமீன்தார் ஆற்றில் விழுந்து சாக வேண்டும். சசதர் ஜீராக் கையோடு உட்கார்ந்து, ஜமீன்தாருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். அடுத்தவர் பல் வைத்தியர் ஹல்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். இன்ஸ்பெக்டருக்கு இருந்த நாலு வரி ஒரு வாரத்தில் நாலு பக்கம் ஆயிற்று. அதில் ஒரு பக்கம் ஈறுகளைப் பற்றியது. பிறகு மஞ்சரி பௌதி, பேட்டைக்கே அண்ணி. மாளிகையின் இளம் விதவை அவர்தான். நாடகத்தில் ஒரு நாத்தனார் உண்டு, பக்கத்துத் தெருப் பெண் நடிப்பதாக இருந்தது, அவள் மஞ்சரி பௌதியைவிட உயரம். ஒரே மதியத்தில் அந்த நாத்தனார் ஊமையானாள். அடுத்த வாரம் பார்வை போயிற்று. அதற்கடுத்த வாரம் அவள் காசிக்குப் போய்விட்டதாக ஒரு வரி இருந்தது.

எனக்குப் பிணம் வேஷம். கதை முழுக்க யார் கொன்றது என்று தேடப்படும் கணக்குப்பிள்ளை நான்தான். திரை தூக்கும்போதே செத்துக்கிடப்பேன். முழங்கால் வலிக்காரனுக்கு இதைவிட நல்ல வேஷம் கிடையாது. என் பங்கை யாரும் திருத்தமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

நிகுஞ்சதா சும்மா இருக்கவில்லை. ‘நாடகம் இறுதி’ என்று பெயர் மாற்றினார். பிறகு ‘நாடகம் இறுதி தொடாதே’. தொடாதே என்று எழுதியதால், அதுவரை தொடாதவர்களும் தொட்டார்கள். கடைசியில் ‘தண்ணீர் வரி பாக்கி’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் எதையும் எவனும் திறக்கமாட்டான் என்பது அவருடைய அலுவலக அனுபவம். ஆனால் சசதருக்குத் தண்ணீர் வரி பாக்கி இருந்தது. எவ்வளவு என்று பார்க்கத் திறந்தார். உள்ளே ஜமீன்தார் மறுபடியும் செத்துக்கிடந்தார்.

சங்கக் கூட்டம் கூடியது.

“எனக்குன்னு தனியா ஒரு பாஸ்வேர்ட் வேணும், அவ்வளவுதான் கேக்கறேன்” என்றார் நிகுஞ்சதா.

“அப்ப நாங்கல்லாம் திருடனுங்க” என்றார் சசதர்.

“நான் அப்படிச் சொல்லல.”

“பின்ன பூட்டு எதுக்கு, அழகுக்கா?”

“இந்தப் பேட்டையே என்கிட்ட வாயத் திறந்து காட்டுது நிகுஞ்சதா” என்றார் டாக்டர். “உங்களுக்கு ஒரு நாடகத்தத் திறந்து காட்ட வெக்கமா?”

“நான் கமாதான் போட்டேன்” என்றார் மஞ்சரி பௌதி.

“கமா போட்டதுல நாத்தனாருக்குக் கண்ணு போச்சா, பௌதி?” என்றார் நிகுஞ்சதா.

“அவ நடிக்கற லட்சணத்துக்குக் கண்ணு இருந்தா என்ன, போனா என்ன.”

சங்கம் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் பூட்டு கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர் நிகுஞ்சதா மட்டும். நான் அப்போது கத்திரிக்காய் பஜ்ஜி வாங்கப் போயிருந்தேன்.

கூட்டம் முடிந்த கையோடு கம்ப்யூட்டர் மூச்சுவாங்க ஆரம்பித்தது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். திரையில் கண்டபடி கொட்டிவைத்தால் இப்படித்தான் என்று திட்டிவிட்டு, எல்லாவற்றையும் அள்ளி உள்ளே இன்னோர் இடத்தில் அடுக்கினார். திரையில் பழைய இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் வைத்துவிட்டுப் போனார். படத்தின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி. அதைத் தட்டினால் உள்ளே இருப்பது திறக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த அம்புக்குறி கவுன்சிலரின் கட்சிச் சின்னம் என்று நான் ஒருவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். சில விஷயங்களில் என்னை நம்புவார்கள்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்று எங்கள் ஊரில் எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் இட்டு, சாமந்தி மாலை போட்டு, ஒரு லட்டும் வைத்துவிட்டு எல்லோரும் பட்டம் விட மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். வானம் முழுக்கப் பட்டம். ‘போ... கட்டா’ என்று, ஒரு பட்டம் அறுபடும்போதெல்லாம் கூச்சல். சசதரின் பட்டம் அன்று இரண்டு காக்கைகளையும் ஒரு துணி காயும் கொடியையும் இழுத்துக்கொண்டு ஹௌராப் பக்கம் போயிற்று.

நிகுஞ்சதா மட்டும் சங்கத்துக்குள் நுழைந்தார். விஸ்வகர்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மாலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கழுத்தில் காளிகாட்டில் வாங்கிய வெள்ளித் தாயத்து. பக்கத்திலேயே அதே கயிற்றில் புதிதாக ஒரு பென் டிரைவ்.

அதுவரை அவருக்குக் கடைசிக் காட்சி பிடிபடாமல் இருந்தது. அன்று, அந்த ஆளில்லாத அறையில், பிடிபட்டது. எல்லோரும் செத்தும் ஓடியும் போனபிறகு மாளிகையில் கிழட்டு வேலைக்காரன் ஒருவன்தான் மிச்சம். அவன் ஒரு விளக்கை ஏற்றுகிறான். யாருக்காக ஏற்றுகிறாய் என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அவன் சொல்கிறான்: “இருட்டுச்சு. ஏத்தினேன்.” திரை.

அதைத் தட்டிச் சேமித்தார். திரையிலிருந்த படத்தை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்தார். இங்கேதான் அவரை அவசரக்காரர் என்று யாரும் சொல்லக்கூடாது. பென் டிரைவிலிருந்து அதைத் திறந்தே பார்த்தார். திறந்தது. முதல் பக்கம் இருந்தது, கடைசி வரியும் இருந்தது. அதே கம்ப்யூட்டரில் திறந்தால் அம்புக்குறி உள்ளே இருப்பதைக் காட்டத்தானே செய்யும். அது அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு, திருடர்கள் வேறு எங்காவது ஒரு நகலை ஒளித்திருக்கிறார்களா என்று தேடினார். உள்ளே, அடுக்கிய இடத்தில், அதே பெயரில் இன்னொன்று அகப்பட்டது. அதில் அம்புக்குறி இல்லை. திறந்தார். இப்போதுதான் தட்டிய விளக்குக் காட்சி அதிலும் இருந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது. தட்டி முடித்து வியர்வை காயவில்லை, அதற்குள் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்களா? மாடியில் பட்டம் விட்டுக்கொண்டே திருடுகிறார்களா? அதை அழித்தார். குப்பைத் தொட்டிக்குப் போனதை அங்கிருந்தும் அழித்தார். திரையில் இருந்த படத்தையும் அழித்தார். மாலையைத் திரும்பப் போட்டு, லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

தேநீர்க் கடையில் நான்தான் முதலில் அகப்பட்டேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, அந்தக் கடைசி வசனத்தையும் என் காதில் சொன்னார். காது ஈரமானது. “யார்கிட்டயும் சொல்லாதீங்க பெனுதா” என்றார்.

“நான் சொன்னா யார் நம்பப் போறாங்க” என்றேன்.

அதன்பிறகு நிகுஞ்சதாவைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு அதிகாரம் கிடைத்தது. மேலதிகாரிகளிடம் கற்றுக்கொண்டதை எல்லாம் இறக்கினார்.

“நாடகம் எங்க நிகுஞ்சதா?” என்றார் சசதர்.

நிகுஞ்சதா நெஞ்சைத் தட்டிக் காட்டினார். “இங்க.”

“ஒத்திகை பாக்கணுமே.”

“பாக்கலாம். உனக்கு வேஷம் மாத்தியாச்சு. வேலைக்காரன். ஒரே ஒரு வசனம்.”

“அப்ப ஜமீன்தார்?”

“அவனுக்கு நீச்சல் தெரியாது சசதர். தெரியும்னு உனக்கு யார் சொன்னது?”

சசதர் மறுநாள் கடையிலிருந்து சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தார். டாக்டர் ஹல்தார் நிகுஞ்சதாவின் ஆடுகிற பல்லைக் காசு வாங்காமல் பிடுங்கினார், ஆடாத ஒன்றையும் சேர்த்து. மஞ்சரி பௌதி வாழைப்பூக் கூட்டு செய்து அனுப்பினார். நிகுஞ்சதா எல்லாவற்றையும் தின்றார். “யோசிக்கிறேன்” என்றார். அவர் போனபின் மூன்று பேரும் கம்ப்யூட்டரைக் குடைந்து தேடினார்கள். ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் பூஜைக்கான பாட்டு, மேளச் சத்தம், போன வருஷ ஊர்வலப் படங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி நிரப்பினார்கள்.

பூஜை நெருங்கியதும் நிகுஞ்சதா நாடகத்தை அச்செடுக்கப் போனார். கல்லூரிப் பக்கத்தில் மௌசுமி என்ற பெண் நடத்தும் அச்சுக் கடை. நானும் கூடப் போனேன். கழுத்துக் கயிற்றை அவிழ்க்காமல், குனிந்து, கழுத்தோடு சேர்த்தே பென் டிரைவைச் சொருகினார்.

“சித்தப்பா, இதுல நாடகம் இல்லயே” என்றாள் மௌசுமி.

“நல்லா பாரும்மா. ‘தண்ணீர் வரி பாக்கி’ன்னு இருக்கும்.”

“இருக்கு. வெறும் அம்புக்குறிதான் இருக்கு. உங்க வீட்டு விலாசத்த எழுதிக் கொண்டாந்திருக்கீங்க, வீட்டக் கொண்டாரல. வீடு அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கும், போய்ப் பாருங்க.”

“அந்த வீட்டத்தான் இவர் இடிச்சுட்டாரே” என்றேன்.

நிகுஞ்சதாவின் குனிந்த தலை நிமிரவில்லை. வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு இன்னொன்றில். பூஜை நோட்டீஸ் அச்சடிக்க வரிசையில் காத்திருந்த பையன்கள் “தாத்தா, கழுத்த எடுங்க, எங்க முறை” என்றார்கள். சங்கத்துக்கு வந்து அங்கே சொருகினார். தேடியது கிடைக்கவில்லை என்று ஒரு கட்டம் வந்தது. ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டோம். அழித்த அன்றே சொல்லியிருந்தால் தோண்டி எடுத்திருப்பேன், இப்போது அதன் மேல் மேளத்தை ஏற்றிவிட்டீர்களே என்றார் அவர். வேண்டுமானால் மேளத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார்.

ரிப்பேர்க்காரர் கிளம்பினார். பிறகு சசதர் சட்டைப்பையில் கைவிட்டார்.

“என் பாகம் மட்டும் என்கிட்ட இருக்கு. காகிதத்துல எடுத்து வெச்சிருந்தேன். ஒரு பாதுகாப்புக்கு.”

டாக்டரும் ஒரு கட்டு எடுத்தார். பௌதியின் கைப்பையிலிருந்து இன்னொரு கட்டு வந்தது. அவரவர் அவரவர் திருத்திய பாகத்தை, அவரவர் மட்டும் பேசுகிற காட்சிகளை, பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்திலேயே தன் எழுத்தைப் பத்திரப்படுத்தத் தெரியாதவர் எழுத்தாளர் ஒருவர்தான்.

மூன்று கட்டையும் சேர்த்துத் தைத்தோம். சசதரின் கட்டில் ஜமீன்தார் எனக்கு விஷம் வைக்கிறார். டாக்டரின் கட்டில் இன்ஸ்பெக்டர் துப்புத் துலக்கப் புதுப் பிணம் வேண்டும் என்பதால் இடைவேளைக்குப் பிறகு சுடப்படுகிறேன். பௌதியின் கட்டில், மானத்தைக் காக்க, அரிவாள்மணை. நடுவில் நான் எப்படிப் பிழைக்கிறேன் என்று எந்தக் கட்டிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நானே எழுந்து உட்கார்ந்துகொண்டேன். நாத்தனார் காசியிலேயே இருந்தாள். விளக்கு ஏற்றும் காட்சி மட்டும் யாரிடமும் இல்லை. யாரும் அதைப் பார்த்ததே கிடையாது. பார்த்திருந்தாலும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள், வேலைக்காரன் வேஷம் யாருக்கும் வேண்டாமே.

“அத நான் எழுதித் தரேன்” என்றார் நிகுஞ்சதா.

“இடமில்ல நிகுஞ்சதா” என்றார் சசதர். “நாடகம் ஏற்கெனவே நீளம். நீங்க திரைக்குப் பின்னால நின்னு வசனம் எடுத்துக் கொடுங்க. உங்களுக்குத்தான் எழுத்து நல்லாத் தெரியுமே.”

சுவரொட்டி வந்தது. ‘எழுதியவர்கள்: சங்க உறுப்பினர்கள்.’ பசை காய்வதற்குள் நிகுஞ்சதா அதைத் தடவிப் பார்த்தார்.

விஜயா விழா அன்று பரிமல் தர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், பெரிய சால்வை. முதல் முறை நான் செத்தபோது சும்மா இருந்தார். இரண்டாவது முறை நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது முறை மஞ்சரி பௌதி அரிவாள்மணையோடு வர, நான் தப்பிக்க வழி தேட, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அரங்கமே சிரித்தது. திரைக்குப் பின்னால் நிகுஞ்சதா, ஈறுகளைப் பற்றிய வசனத்தை டாக்டருக்கு வரி வரியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பரிமல் தர் மேடையேறினார்.

“இந்த நாடகத்துல இருக்கற ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன அழிக்கப் பாக்கறான்” என்றார். “இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல. என் குழுவுக்கு வேணும். ஒரே ஒரு குறை. முடிவு இல்ல. நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டீங்க.”

திரைக்குப் பின்னாலிருந்து நிகுஞ்சதா வந்தார். கழுத்தில் தாயத்தும் பென் டிரைவும் உரசிச் சத்தமிட்டன. வேலைக்காரன், விளக்கு, வெளியிலிருந்து கேட்கும் குரல் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அந்த வசனத்தைச் சொன்னார், மெதுவாக.

“இருட்டுச்சு. ஏத்தினேன்.”

பரிமல் தர் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “இதுதான்” என்றார். “இது யார் எழுதினது?”

“நான்” என்றார் நிகுஞ்சதா.

“நான்தான்” என்றார் சசதர். “வேலைக்காரன் வேஷம் எனக்குத்தான் குடுத்திருந்தாங்க, கேட்டுப் பாருங்க.”

“அந்த விளக்கு நான் போட்டது” என்றார் மஞ்சரி பௌதி. “விதவை வீட்டுல விளக்கு வேற யாருக்குத் தோணும்?”

“எல்லாரும் ஒரே கம்ப்யூட்டர்லதான் எழுதினோம் சார்” என்றார் டாக்டர் அடக்கமாக. “யார் எதுன்னு இனிமே பிரிச்சுச் சொல்ல முடியாது. நானும் கை வெச்சேன்.”

நிகுஞ்சதா அவர்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் இன்னும் தரையில்தான் கிடந்தேன், எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

“பெனுதா, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு டீக்கடைல உங்க காதுல சொன்னேனே. சொல்லுங்க.”

நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். “அவர்தான் எழுதினார்” என்றேன். “விஸ்வகர்மா பூஜை அன்னைக்கு. என் காதுல சொன்னார். சத்தியம்.”

என் பேட்டை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மூன்று கொலைக்கும் சேர்த்துச் சிரித்ததைவிட அதிகம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “அந்த இலீஷ் மீனையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க பெனுதா” என்றான். பிணம் சாட்சி சொல்வதும் நாடகத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டு பரிமல் தரும் சிரித்தார். “இதையும் வெச்சுக்கறேன்” என்றார். நிகுஞ்சதாவின் முதுகில் தட்டி, “நல்லா நடிக்கிறீங்க” என்று பாராட்டினார்.

நாடகம் இப்போதும் நகரத்தில் ஓடுகிறது. ஊர் முழுக்கச் சுவரொட்டி. கீழே சங்கத்தின் பெயர். பிணமாக என்னைக் கூப்பிடவில்லை, வயது போதாதாம்.

அந்த வெற்றியின் நினைவாகச் சங்கம் இன்னொரு தீர்மானம் போட்டது. கம்ப்யூட்டரின் பழைய பாஸ்வேர்டை மாற்றி, நாடகத்தின் கடைசி வசனத்தையே புதுப் பாஸ்வேர்டாக வைத்தோம். கரும்பலகையில், கேரம் கணக்குக்கு மேலே, சசதர் தன் கையாலேயே எழுதினார். சீட்டாட உட்காருபவன், ரயில் டிக்கெட் எடுக்க வருபவன், நண்டு விற்கிறவன், எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டுகிறார்கள். பலருக்கு இரண்டு மூன்று தடவை ஆகிறது.

நிகுஞ்சதாவும் தினமும் வருகிறார். கழுத்துக் கயிற்றோடு குனிந்து சொருகிப் பார்ப்பதற்காக. அவர் மட்டும் பலகையைப் பார்ப்பதில்லை. அவருக்கு முதல் தடவையிலேயே திறந்துவிடுகிறது.